நேர்காணலுக்குக் காட்டன் சட்டையா, பாலி-காட்டனா?

கண்ணாடி முன்னால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் தெரிவது, பயணம் முடிந்து அந்த அறைக்குள் நுழையும்போதுதான்.

முழுக் காட்டன் வியர்வையை உறிஞ்சும், காற்றோட்டமாக இருக்கும். ஆனால் ஒரு மணி நேரம் சாய்ந்து உட்கார்ந்தாலே முதுகும் முழங்கை மடிப்பும் கசங்கிவிடும். நன்றாகக் காய்ந்தபின் எவ்வளவு தேய்த்தாலும் சுருக்கம் முழுசாகப் போகாது. லேசான ஈரத்தோடு, நல்ல சூட்டில் தேய்க்க வேண்டும். காலரை நுனியிலிருந்து நடுவை நோக்கித் தேய்ப்பது முக்கியம். நுனிப் பக்கம் தள்ளினால் முனையில் மடிப்பு விழும், எதிரில் இருப்பவர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான். தேய்த்த சூட்டோடு போட்டால் உடனே கசங்கும், பத்து நிமிடம் ஹேங்கரில் ஆறட்டும்.

65 சதவீதம் பாலியஸ்டர், 35 சதவீதம் காட்டன் கலந்த துணி எளிதில் கசங்காது. நெடுந்தூரப் பயணத்துக்கு இதுவே மேல். இதன் தொல்லை வாடை. துவைத்த பிறகும் அக்குள் பகுதியில் தங்கியிருந்து, உடல் சூடு பட்டதும் கிளம்பும். முந்தின நாளே அந்த இடத்தை மோந்து பார்த்துவிடுங்கள். அயர்ன் பாக்ஸில் சூடு கூடினால் துணி பளபளக்கும், பிறகு சரியாகாது. மிதமான சூட்டில், உள்பக்கம் திருப்பித் தேய்த்தால் போதும்.

அதிகம் வியர்ப்பவர்கள் இரண்டிலுமே வெளிர் நீலத்தையும் சாம்பலையும் தவிர்ப்பது நல்லது; ஈரம் அப்பட்டமாகத் தெரியும். மெல்லிய வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளை பனியன் விளிம்பு தெரியும், தோல் நிறத்துக்கு நெருங்கிய பனியன் தெரியாது.

தூரமும் அதிகம், காட்டன்தான் வேண்டும் என்றால், ஹேங்கரோடு கவரில் எடுத்துப்போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்.