பழைய டெஸ்க்டாப்புக்கு ட்ரைவர் பார்த்துத் தந்த பம்பலப்பிட்டிக் கடை

வீட்டில் கிடப்பது டிஸ்க்குகளைக் கையாள ஐசிஎச்10ஆர் சிப் உள்ள பழைய இன்டெல் மதர்போர்டு. வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போட்டும் விண்டோஸ் 10 ஊர்ந்துகொண்டே இருந்தது. முதலில் கொண்டுபோன கடையில் ஏதோ ட்ரைவர் பொதியை (சிப்பை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) போட்டுவிட்டு, பயோஸ் என்ற போர்டின் அடிப்படை அமைப்பில் டிஸ்க் மோடைப் பழைய ஐடிஇயிலிருந்து புதிய ஏஎச்சிஐக்கு மாற்றிவிட்டார்கள், வீட்டுக்கு வந்து போட்டால் நீலத்திரை, கீழே 'இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்', அதாவது விண்டோஸ் உள்ள டிஸ்க்கை எட்ட முடியவில்லை என்று. கேட்டால், "போர்டு போயிட்டுது, புதுசு வாங்குங்கோ" என்றார்கள்!

அப்புறம் மழைக்குள் பொலித்தீனில் சுற்றி ஆட்டோவில் கொழும்பு பம்பலப்பிட்டிக்குக் கொண்டுபோனேன். மாடியில் சின்னக் கடை, மின்விசிறி சத்தம் தாங்காது. அங்கிருந்த தம்பி மோடைத் திரும்ப ஐடிஇக்கு மாற்றி, அந்தப் பொதியைக் கழற்றினார். பிறகு எம்எஸ்கொன்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியில் சேஃப் பூட்டை (அடிப்படை ட்ரைவர்களோடு மட்டும் தொடங்குவது) டிக் செய்து, ரீஸ்டார்ட்டில் ஏஎச்சிஐ ஆக்கி, சேஃப் மோடில் ஒருதரம் ஏறியதும் டிக்கை எடுத்துவிட்டார். அவ்வளவுதான்.

"பல டிஸ்க்கை ஒன்றாக்கிற ரெய்டு இல்லையென்றால் விண்டோஸோடு வாற ஸ்டோர்ஏஎச்சிஐ ட்ரைவர் போதும் அண்ணை, பழைய சிப்புக்குப் புது இன்டெல் ஆர்எஸ்டி ட்ரைவர் சரிவராது" என்றார். டிஸ்க் செருகுவது பழைய சாட்டா 2 போர்ட் என்பதால் நொடிக்கு 270 எம்பி அளவுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்பதையும் முதலே சொன்னார், அந்த நேர்மை பிடித்தது. கூலி 1500 ரூபாய். பில் மட்டும் கேட்டால்தான் தருவார்கள்.