எம்.பி.ஏ. ஹெச்.ஆர். ப்ராஜெக்ட்டைக் கடையில் வாங்காதீர்கள்: எங்கே மாட்டுகிறது, ஏன் மாட்டுகிறது

நான்காம் செமஸ்டர் பிறந்துவிட்டால் போதும், கல்லூரியைச் சுற்றியிருக்கும் டி.டி.பி. கடைகளிலும் டெலிகிராம் குழுக்களிலும் ஒரே விளம்பரம்தான். ப்ராஜெக்ட் ரெடி, டேட்டா ரெடி, எஸ்.பி.எஸ்.எஸ். (புள்ளியியல் மென்பொருள்) அவுட்புட் ரெடி, கம்பெனி சர்டிஃபிகேட்கூட ரெடி. பாதிப் பணம் முன்பணமாக ஜிபே பண்ணினால் மூன்றே நாளில் ஃபைல் வந்துவிடும். வேலைத் திருப்தி, நிறுவனப் பற்று, மன அழுத்தம் போன்ற தலைப்புகள்தான் அதிகம் விற்கின்றன. மனிதர்களைப் பற்றிய தலைப்பு என்பதால் எதை எழுதினாலும் ஓடும் என்ற நினைப்பு. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், முதலில் விழுவதும் இந்தத் தலைப்புகள்தான்.

திருப்பூர் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் தொழிலாளர்களின் வேலைத் திருப்தி என்ற தலைப்பில் ஒரு மாணவி வாங்கிய ப்ராஜெக்ட்டில் என்ன இருந்தது என்பதைப் பக்கம் பக்கமாகச் சொல்கிறோம். அவருக்கு அந்த செமஸ்டர் போய்விட்டது. அடுத்தவருக்குப் போகக் கூடாது.

முதல் டேபிள், வயது. மொத்தம் 120 பேர். 25 வயதுக்குக் கீழே 33.6 சதவீதம் என்று இருந்தது. 120 பேரில் ஒருவர் என்றால் 0.83 சதவீதம். 40 பேர் என்றால் 33.3, 41 பேர் என்றால் 34.2. 33.6 வரவே வராது. ஆனால் 125 பேரில் 42 பேர் என்றால் சரியாக 33.6. அதாவது 125 பேரை வைத்து யாரோ எப்போதோ செய்த வேறொரு ப்ராஜெக்ட்டின் டேபிள் இது. தலைப்பில் இருந்த எண்ணை மட்டும் 120 என்று மாற்றியிருக்கிறார்கள். எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளர், கையில் கால்குலேட்டர் இருந்தால் இதைப் பிடிக்க ஒரு நிமிடம் ஆகாது. இருபது பக்கம் தள்ளி, நைட் ஷிஃப்ட் பற்றிய பத்தியில் "பேஷண்ட்" என்ற சொல் அப்படியே இருந்தது. மூலம் ஏதோ ஒரு மருத்துவமனை ஆய்வு.

அடுத்து டேட்டா ஷீட். இதைத்தான் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் 1 முதல் 5 வரை ஒரு எண். கடைக்காரர் எக்ஸெலில், ஏதாவது ஒரு எண்ணைக் குலுக்கித் தரும் ரேண்ட்பிட்வீன் ஃபார்முலாவில் 1, 5 என்று கொடுத்து இழுத்துவிடுகிறார். அப்படி வந்த எண்களுக்கு ஒரு கைரேகை உண்டு: எந்தக் கேள்வியை எடுத்தாலும் சராசரி 3-ஐ ஒட்டியும், பதில்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பதைக் காட்டும் திட்ட விலக்கம் 1.41-ஐ ஒட்டியும் நிற்கும். எல்லோரும் திருப்தியாக இருப்பதுபோலக் காட்ட 3, 5 என்று கொடுத்தால் சராசரி 4, திட்ட விலக்கம் 0.82. நிஜ மனிதர்கள் இப்படி பதில் சொல்வதில்லை. சம்பளம் பற்றிய கேள்வியில் பதில்கள் சிதறும். கூட வேலை செய்பவர்களைப் பற்றிய கேள்வியில் பெரும்பாலும் நல்லதாகக் குவியும். 25 கேள்விக்கும் ஒரே சராசரி, ஒரே சிதறல் என்றால் அங்கே ஆளே இல்லை என்று அர்த்தம்.

இதைவிடப் பெரிய அடி ஆல்ஃபாவில் விழுகிறது. ஒரு ஸ்கேலில் (ஒரு விஷயத்தை அளக்கும் கேள்வித் தொகுப்பில்) உள்ள கேள்விகள் ஒரே விஷயத்தை அளக்கின்றனவா என்று பார்ப்பதுதான் க்ரோன்பாக் ஆல்ஃபா, 0.7-க்கு மேல் இருந்தால் பொதுவாக ஏற்பார்கள். அந்த ரிப்போர்ட்டில் 0.874 என்று அச்சிட்டிருந்தது. அதே ஷீட்டை மென்பொருளில் ஓட்டினால் பூஜ்யத்தை ஒட்டித்தான் வரும், சில சமயம் மைனஸில்கூட வரும். ஏனென்றால் ஒவ்வொரு காலமும் தனித்தனியே குலுக்கிப் போட்டது. ஒரு பதிலுக்கும் இன்னொரு பதிலுக்கும் தொடர்பே கிடையாது. 22 வயதுக்காரருக்கு 15 வருட அனுபவம் என்று வரிசைகள் இருந்ததும் இதனால்தான். வேறு சில கடைகள் இதைத் தெரிந்துகொண்டு, ஒருவருக்கு 4 போட்டால் எல்லாக் கேள்விக்கும் 4 என்று இழுத்துவிடுகின்றன. அப்போது ஆல்ஃபா சரியாக 1 வரும். ஆனால் நல்ல ஸ்கேலில் தலைகீழாகக் கேட்கும் கேள்விகள் இருக்குமே! "என் மேலதிகாரி என்னிடம் நியாயமாக நடப்பதில்லை" என்பதற்கும் "என் மேலதிகாரியை எனக்குப் பிடிக்கும்" என்பதற்கும் ஒரே ஆள் 4 போட்டிருப்பார்.

இரண்டு விஷயங்களுக்குத் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-ஸ்கொயர் சோதனைப் பக்கத்தில் முடிவே புரண்டுவிட்டது. வயது 4 பிரிவு, திருப்தி 5 நிலை. ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்துப் பெருக்கினால் வருவது டிகிரி ஆஃப் ஃப்ரீடம்: மூன்று பெருக்கல் நான்கு, 12. ஐந்து சதவீத மட்டத்தில் டேபிள் வேல்யூ 21.026; கணக்கிட்ட மதிப்பு இதைத் தாண்டினால்தான் தொடர்பு உண்டு என்று சொல்லலாம். ரிப்போர்ட்டில் போட்டிருந்தது 9.488, அது டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 4-க்கு உரியது. கணக்கிட்ட மதிப்பு 14.2. தப்பான வேல்யூவை வைத்து "வயதுக்கும் திருப்திக்கும் தொடர்பு உண்டு" என்று எழுதி, அதற்கு மேல் இரண்டு பக்கம் பரிந்துரையும் எழுதியிருந்தார்கள். சரியான வேல்யூவை வைத்தால் தொடர்பு இருப்பதற்கு ஆதாரமே இல்லை. எக்ஸ்டர்னல் "இந்த 9.488 எங்கிருந்து வந்தது?" என்று மட்டும்தான் கேட்டார். தானே செய்த தப்பாக இருந்தால் மாணவி திருத்திச் சொல்லியிருப்பார். வாங்கிய ப்ராஜெக்ட்டில் அதற்கு வழியில்லை.

பிளேஜியரிசம் "கிளியர் பண்ணித் தருகிறோம்" என்பதையும் நம்பாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூ.ஜி.சி.) 2018 விதிமுறைகளின்படி முதுகலை மாணவர்களின் ஆய்வறிக்கைக்கும் அளவுகோல் உண்டு. 10 சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை போனால் திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும், அதற்கு அதிகபட்சம் 6 மாதம். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு சமர்ப்பிக்கவே முடியாது. அதற்கும் மேலே பதிவு ரத்து. கடைகள் சொற்களை மாற்றும் மென்பொருளில் போட்டு சதவீதத்தைக் குறைக்கின்றன. அதில் "ஹியூமன் ரிசோர்ஸ்" போய் "ஹியூமன் அசெட்" ஆகும், வாக்கியங்கள் பொருளில்லாமல் போகும். இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: ஏ.ஐ. எழுதித் தந்த, உலகத்திலேயே இல்லாத கட்டுரைகள் ரெஃபரன்ஸ் பட்டியலில் நிற்கின்றன. கைடு (வழிகாட்டும் பேராசிரியர்) நான்கைந்தைத் தேடிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது அந்த கம்பெனி சர்டிஃபிகேட். போலி லெட்டர்ஹெட்டும் போலி சீலும் போட்ட தாளைக் கல்லூரியில் கொடுப்பது மார்க் விஷயம் அல்ல, கிரிமினல் குற்றம். கொடுத்தவர் கையெழுத்து உங்களுடையதாகத்தான் இருக்கும், கடைக்காரருடையது அல்ல.

இத்தனை பணமும் பயமும் தேவையே இல்லை. நேர்மையான ஒரு ப்ராஜெக்ட்டை ஆறு வாரத்தில் முடிக்கலாம். பால் ஸ்பெக்டர் 1985-இல் வெளியிட்ட வேலைத் திருப்தி ஸ்கேல் லாப நோக்கமற்ற கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம். 36 கேள்விகள், சம்பளம், பதவி உயர்வு, மேற்பார்வை, தகவல் தொடர்பு என 9 பிரிவுக்குத் தலா 4, 6 புள்ளி அளவு. இதில் 19 கேள்விகள் தலைகீழானவை. அவற்றுக்கு 7-லிருந்து பதிலைக் கழித்துப் போட வேண்டும். இதை மறந்தால் ஆல்ஃபா கவிழ்ந்துவிடும், உண்மையான டேட்டாவே பொய் மாதிரித் தெரியும். பல பிள்ளைகள் இந்த இடத்தில் பயந்துதான் கடைக்கு ஓடுகிறார்கள். ஆல்ஃபா குறைந்தால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

இந்த ஸ்கேலை ஒருவர் தமிழில் பெயர்க்கட்டும். ஆங்கில மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவரட்டும். இரண்டும் மோதும் கேள்விகளை மட்டும் மாற்றுங்கள். திருப்பூர், கோவை என்றால் ஒடியா, இந்தி பேசும் தொழிலாளர்கள் இருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டு "அனைத்துத் தொழிலாளர்களும்" என்று எழுதாதீர்கள். முதலில் 30 பேரிடம் கொடுத்துப் பாருங்கள். தையல் ஃப்ளோரில் கூகுள் ஃபார்ம் வேலைக்கு ஆகாது, தாள்தான். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றால் எல்லோரும் நல்லதாகத்தான் டிக் போடுவார்கள்; எனவே டீ நேரத்தில், பெயர் கேட்காமல், பூட்டிய பெட்டியில் போடச் சொல்லி வாங்குங்கள். 120 தாள் வேண்டும் என்றால் 150 கொடுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் எண் போட்டு, வைவா முடியும் வரை கட்டி வையுங்கள். யாராவது சந்தேகப்பட்டால் அந்தக் கட்டைத் தூக்கி மேசையில் வைக்கலாம். எஸ்.பி.எஸ்.எஸ். இல்லாவிட்டால் ஜமோவி என்ற மென்பொருள் இலவசம், ஆல்ஃபாவும் கை-ஸ்கொயரும் அதில் வரும்.

மாதிரி அளவு குறைவதற்காகப் பொதுவாக யாரும் ஃபெயில் போடுவதில்லை. மொத்த ஆட்களுக்கு எத்தனை பேர் மாதிரி வேண்டும் என்று சொல்லும் கிரெஜ்சி, மார்கன் டேபிளில் 300 பேருக்கு 169, 500 பேருக்கு 217 என்று இருக்கும். ஆனால் அது குலுக்கல் முறை மாதிரிக்கு. கிடைத்தவர்களிடம் வாங்கிவிட்டு அந்த டேபிளைச் சாட்சிக்கு அழைப்பதுதான் தப்பு. "ஒரே ஷிஃப்ட்டில் 85 பேர், கிடைத்தவர்களிடம் எடுத்தது" என்று எழுதினால் அது கௌரவமான வரி. நிறுவனம் பெயர் போட வேண்டாம் என்றால் "திருப்பூரில் உள்ள ஒரு ஏற்றுமதி நிறுவனம்" என்று போடலாமா என்று கைடிடம் கேளுங்கள்.

ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டவர்கள் மீதியை அனுப்பாதீர்கள். சாட், ஜிபே ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். "மீதிப் பணம் தராவிட்டால் கல்லூரிக்குச் சொல்லிவிடுவோம்" என்று மிரட்டினால் பணிய வேண்டாம். இன்று கொடுத்தால் வைவா வரை கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வீட்டில் சொல்லி, போலீசுக்குப் போங்கள். ஆன்லைனில் பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போனால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள். மூன்றாவது ரெவ்யூவுக்கு முன்பே கைடிடம் போய் நடந்ததைச் சொல்லி அவகாசம் கேளுங்கள். சமர்ப்பிக்காத ஃபைலை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க அப்போது வழி இருக்கும். போகும்போது வெற்றுக் கேள்வித்தாளும் ஆறு வாரத் திட்டமும் கையில் இருக்கட்டும். அந்தப் பழைய ஃபைலிலிருந்து ஒரு டேபிளைக்கூட வெட்டி ஒட்டாதீர்கள். எந்த டேபிளில் இன்னொரு 33.6 உட்கார்ந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.