மண்டையோட்டை எங்கிருந்து எடுப்பது? போட்டிப் படத்துக்கான வழிகள், ஓர் ஒப்பீடு

நண்பர்களுக்குள் இணையத்தில் நடத்தும் போட்டோ எடிட்டிங் போட்டிக்கு இந்த முறை தலைப்பு மண்டையோடும் எலும்புக்கூடும். பரிசு எதுவும் இல்லை. நிபந்தனை இரண்டு: பின்னணி திருகோணமலையில் நீங்களே எடுத்த படமாக இருக்க வேண்டும்; அதற்குள் ஒரு மண்டையோடோ எலும்புக்கூடோ அங்கேயே கிடந்ததுபோலப் பொருந்த வேண்டும். மனித எலும்புதான் என்ற கட்டாயம் இல்லை.

தலைப்பு வந்தவுடன் எல்லோரும் கேட்டது, போட்டோஷொப்பில் செய்வதா, கைபேசியிலேயே முடித்துவிடலாமா என்றுதான். என்னைக் கேட்டால் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எலும்பின் மேல் விழும் வெளிச்சம் பின்னணியின் வெளிச்சத்தோடு ஒத்துப்போகாவிட்டால், எந்த மென்பொருளில் செய்தாலும் படம் ஸ்டிக்கர் ஒட்டியதுபோலத்தான் நிற்கும். அதனால் மண்டையோட்டை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதிலேயே பாதிப் படம் தீர்மானமாகிவிடுகிறது. அதைத்தான் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் நம்மூர் வெளிச்சத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். கிழக்குக் கரை என்பதால் காலை வெயில் கடலுக்கு மேலாகத் தாழ்வாக வரும். சுவாமி மலையின் கடல் பக்கப் பாறை அப்போது ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீல நிழலாகவும் இருக்கும். மார்ச், செப்டெம்பர் மாதங்களில் காலை 9 மணி அளவில் சூரியன் ஏறக்குறைய 45 பாகை உயரத்தில் நிற்கும்; அந்த நேரம் ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தளவு நீளம் இருக்கும். நண்பகல் கதை வேறு. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் முடிவிலும் உச்சி வெயில் நேரே தலைக்கு மேல் வருவதால் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். இந்த இரண்டு வெளிச்சத்துக்கும் ஒரே மண்டையோட்டுப் படம் பொருந்தவே பொருந்தாது.

சரி, முதல் வழி: அருங்காட்சியகங்களும் நூலகங்களும் இலவசமாகத் திறந்துவிட்டிருக்கும் புகைப்படங்கள். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் 2020இல் 28 இலட்சம் படங்களையும் முப்பரிமாண மாதிரிகளையும் யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. இலண்டனில் உள்ள மருத்துவ வரலாற்று அருங்காட்சியகமான வெல்கம் கலெக்‌ஷனிலும் விக்கிமீடியா கொமன்ஸிலும் எலும்புப் படங்கள் நிறைய உண்டு; அங்கே ஒவ்வொரு படத்துக்கும் உரிமம் வேறுபடும், சிலவற்றுக்கு எடுத்தவர் பெயரைப் போட வேண்டும். இந்தப் படங்களின் பலம் அவற்றின் கூர்மை. மண்டையோட்டுப் பொருத்துகளின் நெளிகோடுகூட எண்ணிப் பார்க்கிற மாதிரித் தெரியும். பலவீனமும் அங்கேயே இருக்கிறது. பல படங்கள் ஸ்டூடியோவில் கறுப்புத் துணியின் முன்னால், இரண்டு பக்கமும் விளக்கு வைத்து எடுத்தவை. எந்தப் பக்கம் வெயில் என்று சொல்லவே முடியாத வெளிச்சம் அது. உப்புவெளி மணலில் கொண்டுவந்து வைத்தால் மணலின் ஒவ்வொரு பருக்கைக்கும் நிழல் ஒரு பக்கம் விழுந்திருக்கும். மண்டையோட்டுக்கு மட்டும் எந்தப் பக்கமும் நிழல் இருக்காது. மேகம் மூடிய நாளில் எடுத்த பின்னணி உங்களிடம் இருந்தால் இந்த வழி நன்றாகவே வரும். வெயில் படம் என்றால் வேண்டாம்.

புகைப்படம் என்ற பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மண்டையோடு நம் மரபுக்கு அந்நியமானதல்ல. பைரவர் கையில் கபாலம் இருக்கிறது, காளியின் கழுத்தில் மண்டையோட்டு மாலை இருக்கிறது. பொலன்னறுவையில் கிடைத்த காரைக்கால் அம்மையார் வெண்கலச் சிலையில் விலா எலும்புகள் துருத்தி நிற்கின்றன. வற்றிய உடம்பை எப்படி அழகாகக் காட்டலாம் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. ஆனால் நம் மண்ணில் எலும்பு என்ற சொல்லுக்கு இன்னொரு பாரமும் உண்டு. 2025இல் யாழ்ப்பாணத்துச் செம்மணியிலிருந்தும் இங்கே மூதூர்ப் பக்கம் சம்பூரிலிருந்தும் மனித எலும்புகள் வெளிவந்தன. இன்னும் ஆளைத் தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நம் தெருவிலேயே இருக்கின்றன. செய்திகளில் வந்த அந்தப் படங்களிலிருந்து ஒரு துண்டையும் வெட்டி எடுக்காதீர்கள், அவற்றை நினைவூட்டும் மாதிரி எதையும் செய்யாதீர்கள். விளையாட்டுக்குச் செய்யும் படத்தில் அதற்கு இடமே இல்லை. கோயில் கோபுரத்தின் மேல் எலும்பை ஏற்றி வைப்பதையும் நான் தவிர்ப்பேன். கும்பிட வருகிறவர்களின் மனது நம் படத்தைவிடப் பெரியது.

இரண்டாவது வழி, பழைய உடற்கூற்று ஓவியங்கள். 1543இல் உடற்கூற்றியலாளர் வெசாலியஸ் வெளியிட்ட நூலில் எலும்புக்கூடுகள் உயிருள்ள மனிதர் போலவே நிற்கின்றன: ஒன்று மண்வெட்டியில் சாய்ந்திருக்கிறது, ஒன்று மேசைமேல் உள்ள மண்டையோட்டைப் பார்த்து யோசிக்கிறது. 1747இல் வந்த, இன்னோர் உடற்கூற்றியலாளரான அல்பினஸின் படங்களில் எலும்புக்கூட்டுக்குப் பின்னால் ஒரு காண்டாமிருகமே நிற்கிறது. எல்லாம் பதிப்புரிமை தீர்ந்தவை. புகைப்படத்தில் கிடைக்காத ஒன்று இவற்றில் இருக்கிறது, அதுதான் நிற்கும் தோரணை. ஆனால் கோட்டோவியத்தைப் புகைப்படத்துக்குள் ஆள்போல நிறுத்த முயலாதீர்கள். எப்போதும் இரண்டு உலகமாகத்தான் தெரியும். அதற்குப் பதிலாகச் சுவரிலோ பாறையிலோ வரைந்ததுபோல ஆக்குங்கள். பிரட்ரிக் கோட்டையின் பழைய மதிற்சுவரைப் பக்கவாட்டு வெயிலில் படம் எடுத்து, ஓவியத்தை அதன்மேல் மல்டிப்ளை முறையில் போட்டால் வெள்ளைத் தாள் மறைந்து கோடு மட்டும் கல்லில் இறங்கும். கல்லின் பள்ளங்களில் ஓவியக் கோடுகளை லேசாக அழித்துவிட்டால் முடிந்தது. ஒரு கவனம்: இந்த ஓவியங்களின் நெருக்கமான கோடுகள் படத்தைச் சிறிதாக்கும்போது சாம்பல் பூசியதுபோலக் கலங்கிவிடும். அதனால் ஓவியத்தைப் பெரிதாகவே வையுங்கள், பார்ப்பவர்களில் பெரும்பாலானவர்கள் கைபேசியில்தான் பார்ப்பார்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் வரையச் சொல்வது மூன்றாவது வழி. இதில் நீண்ட நேரம் நிற்க எனக்கு விருப்பமில்லை. மனிதக் கை ஒன்றில் 27 எலும்புகள். விலா எலும்புகள் 12 சோடி. இயந்திரம் இவற்றை அடிக்கடி ஒன்றோடொன்று உருக்கி ஒட்டிவிடுகிறது, பல் வரிசையும் எண்ணிக்கை தப்பிப் போகிறது. எப்படி வரலாம் என்று மனதில் ஒரு மாதிரிப் படம் பார்த்துக்கொள்ள உதவும். நண்பர்களுக்குள் நடக்கும் போட்டியில் ஒருவர் படத்தை எப்படிச் செய்தார் என்று லேயர் லேயராக, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட ஒவ்வோர் அடுக்காகக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் இன்பம். அந்தக் கதை இதில் கிடைக்காது.

உண்மையான போட்டி மீதியுள்ள இரண்டுக்கும் இடையில்தான்: முப்பரிமாண மாதிரி, நீங்களே எடுக்கும் படம்.

முப்பரிமாண மாதிரிகள் ஸ்கெச்ஃபாப் தளத்தில் நிறைய இருக்கின்றன, ஸ்மித்சோனியனில் கம்பளி மாமத யானையின் முழு எலும்புக்கூடே இருக்கிறது. பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் மாதிரியைத் திறந்து, சூரிய விளக்கு ஒன்றை வைத்து, உங்கள் பின்னணிப் படத்தில் வெயில் வரும் திசைக்கும் உயரத்துக்கும் திருப்பிவிடலாம். நிழலை மட்டும் பிடித்துத் தரும் பரப்பு ஒன்றும் பிளெண்டரில் உண்டு. நிழல் தனி லேயராகவே வந்துவிடும். எந்தக் கோணமும் உங்கள் கையில். மாமதத்தை நிலாவெளிக் கரையில் கடலைப் பார்த்தபடி நிறுத்த நினைத்தால் இதைவிட்டால் வேறு வழியே இல்லை. குறை என்னவென்றால் பிளெண்டரைப் பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும், பழைய கணினி திணறும், ஸ்கேன் செய்த சில மாதிரிகளின் மேற்பரப்பு மெழுகு போல வழுவழுப்பாக இருக்கும். அந்த மெழுகுத்தன்மையைப் போக்க, மணலின் படத்தையோ பழைய சுண்ணாம்புச் சுவரின் படத்தையோ மெல்லிய லேயராக எலும்பின்மேல் போட வேண்டியிருக்கும்.

நீங்களே எடுப்பது என்றால், பிளாஸ்டிக் மண்டையோட்டு மாதிரி ஒன்று கிடைத்தால் போதும். பளபளப்பை அடக்க முகப் பவுடரைத் தடவி ஊதிவிடுங்கள். பழுப்பு நிற வாட்டர் கலரைப் பூசி உடனே துணியால் துடைத்தால் சாயம் பள்ளங்களில் மட்டும் தங்கும். வெள்ளை பிளாஸ்டிக் எலும்பாகிவிடும். உண்மையான எலும்பு பெரும்பாலும் பால் வெள்ளையாக இருப்பதில்லை என்பதை மறக்காதீர்கள். படத்தில் அலை நுரையைவிட எலும்பு வெளிச்சமாகத் தெரிந்தால் ஏதோ பிழை என்று கண் உடனே சொல்லிவிடும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது மீன் மண்டை. சந்தையில் பெரிய சீலாத் தலை ஒன்று கேட்டு வாங்குங்கள். கொதிக்கக் கொதிக்க வேகவைத்தால் மீன் மண்டை துண்டு துண்டாகக் கழன்றுவிடும், அதனால் சுடுநீரை மேலே ஊற்றி ஊற்றிப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சதையை எடுக்க வேண்டும். பிறகு பாமசியில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெரொக்சைட்டில் ஊறவிட்டால் வெளுக்கும். குளோரின் திரவம் வேண்டாம், எலும்பைப் பொடியாக்கிவிடும். காய்ந்த பிறகு அந்தத் தாடையைக் கிட்ட வைத்துப் பாருங்கள்: முன்னால் கத்தி போன்ற பற்கள், நீளமான கண்குழி, செவுளை மூடிய எலும்பு விசிறி போல. வெயிலில் மெல்லிய எலும்புகளுக்குள் வெளிச்சம் ஊடுருவி ஓரம் தேன் நிறமாகும். இதை எந்தப் படக் களஞ்சியத்திலும் நான் பார்த்ததில்லை. இதைப் பத்து மடங்கு பெரிதாக்கி டச்பே மணலில் கரையொதுங்கிய கடல் விலங்காக வைத்தால், மீன் தெரிந்த ஊர்க்காரரும் ஒரு நிமிடம் நின்று பார்ப்பார்கள். ஒன்று மட்டும்: கடலிலிருந்து பவளமோ ஆமையோட்டோ எடுக்காதீர்கள். புறாமலை 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கிருந்து எதையும் கொண்டுவரக் கூடாது.

எடுக்கும் முறையும் எளிது. பின்னணியைக் காலை 8 மணிக்கு எடுத்தீர்களா, அதே 8 மணிக்கு வீட்டு முற்றத்தில் கமராவை அதே திசைக்குத் திருப்பி மண்டையை எடுங்கள். வெளிச்சம் தானாகவே ஒத்துப்போகும். மாதிரியைத் தூக்கிக்கொண்டு கோணேசர் கோயில் பக்கம் போக வேண்டிய தேவையே இல்லை. கீழே ஒரு தட்டில் கடற்கரை மணலைப் பரப்பி வைத்தால் நிழலும் மணலோடு சேர்ந்தே வரும். கைபேசியை மிகக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். மூக்குத்துளை பெரிதாகி நெற்றி பின்னால் போய்விடும். சற்றுத் தள்ளி நின்று இரண்டு மடங்கு சூமில் எடுத்தால் சரியான வடிவம் கிடைக்கும்.

இரண்டையும் வைத்துப் பார்த்தால், மண்டையோடு ஒன்று மட்டும் போதும் என்பவருக்குச் சொந்தப் படம்தான் சிறந்தது என்பேன். கணினித் திறமை குறைந்தவரும் இதில் முன்னால் நிற்கலாம், கோட்டையில் திரியும் புள்ளிமான்களுக்குப் பக்கத்தில் வைத்தாலும் ஒட்டியது தெரியாது. முழு எலும்புக்கூடு நடக்க வேண்டும், உட்கார வேண்டும், வலை இழுக்க வேண்டும் என்றால் முப்பரிமாணம். முழுக்கூட்டில் சிரமமான இடம் விலா எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. அதற்குள் பின்னணிக் கடல் தெரிய வேண்டும், எலும்பின் உள்பக்கத்தில் கடல் நீலம் லேசாகப் பட வேண்டும். பெரும்பாலானவர்கள் இந்த இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். மென்மையான தூரிகையால் மிகக் குறைந்த அளவில் நீலம் தொட்டுப் பாருங்கள், கூடு அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

இனி மென்பொருள். போட்டோஷொப்பில் எல்லாம் இருக்கிறது, ஆனால் 2013 முதல் அதன் புதிய கணினிப் பதிப்புகள் சந்தாவுக்குத்தான். டொலரில் மாதாமாதம் கட்டி இந்தப் போட்டிக்கு வாங்க வேண்டியதில்லை. ஃபோட்டோபீ உலாவியிலேயே திறக்கும், லேயர், வேண்டாத பகுதியை அழிக்காமல் மறைக்கும் மாஸ்க் எல்லாம் அதில் உண்டு, படம் உங்கள் கணினியைவிட்டு வெளியே போவதில்லை. முதன்முறை செய்பவருக்கு அதைத்தான் சொல்வேன். ஜிம்ப் முழுக்க இலவசம். 2025இல் வந்த 3.0 பதிப்பில் ஃபில்டர்களைப் போட்ட பிறகும் மாற்றிக்கொள்ளலாம், இணையம் இல்லாமலும் வேலை செய்யும். கைபேசியில் ஸ்னாப்சீட்டின் டபுள் எக்ஸ்போஷர் இரண்டு படத்தை ஒன்றன்மேல் ஒன்று போடும், ஆனால் விலா எலும்புக்கு நடுவே துல்லியமாக வெட்ட அது போதாது.

எதில் செய்தாலும் நிழலை ஒரே லேயரில் போடாதீர்கள். எலும்பு மணலைத் தொடும் இடத்தில் மெல்லிய, கடும் நிழல் ஒன்று. வெளியே விரியும் மங்கலான நிழல் இன்னொன்று. வெட்டிய விளிம்பில் வெள்ளைக் கோடு தெரிந்தால் மாஸ்க்கை ஒரு பிக்ஸல் உள்ளே இழுங்கள். முடித்த படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பும்போது சாதாரணப் படமாக அனுப்பாமல் டொக்யுமெண்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், முதலில் அழிவது சீலாவின் அந்தச் சின்னப் பற்கள்தான்.