701ஆ, 760ஆ, ஸ்ட்ரோக்கரா, இல்லாட்டி அவுட்போட்டா? யாழ்ப்பாணத்துப் பெற்றோலுக்கு எந்த எஞ்சின் தாங்கும்

எங்கட பின்வளவுக் கொட்டிலுக்குள்ள ஒரு பழைய யமஹா சூப்பர்ஜெட் கிடக்கு, நிண்டுகொண்டு ஓடுற ஜெட்ஸ்கி, ஸ்குவெயர் நோஸ் எண்டு சொல்லுற 96க்கு முந்தின பொடி. ஹல் நல்லம். எஞ்சின்தான் உப்புத்தண்ணி குடிச்சு இறுகி, கிராங் மசியவே மாட்டன் எண்டிட்டுது. அதைக் கழட்டி எறிஞ்சுபோட்டு உள்ளுக்கு எதை வைக்கிறது எண்டு நானும் மச்சானும் வாடைக்காலம் முழுக்க அடிபட்டம், அதில பாதியை இஞ்ச எழுதுறன், மிச்சப் பாதி எழுதக்கூடாத கதை.

நாலு வழி இருந்தது. 701 சிசி எஞ்சினையே வடிவாக் கட்டுறது, 760 ஒண்டு தேடிப்பிடிக்கிறது, வெளிநாட்டில இருந்து ஸ்ட்ரோக்கைக் கூட்டுற ஸ்ட்ரோக்கர் கிட் எடுப்பிக்கிறது. நாலாவது, குருநகர்ப் பக்கம் ஆரைக் கேட்டாலும் முதல் வாயில வாறது: "தம்பி, உதுக்கு ஏன் உவ்வளவு கரைச்சல், ஒரு 40 அவுட்போட்டைக் கழட்டி வையும்." அவுட்போட் எண்டா மீன்பிடிப் போட்டுக்குப் பின்னால தொங்குற எஞ்சின், 40 எண்டது குதிரை.

அந்தக் கடைசியை முதல் பாப்பம், ஏனெண்டா கேக்கேக்க அது நியாயமாத்தான் இருக்கும். யமஹா எண்டியூரோ 40 ரெண்டு சிலிண்டர், 703 சிசி, போர் (சிலிண்டரின்ர அகலம்) 80 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) 70. சூப்பர்ஜெட்டின்ர 701க்கு போர் 81, ஸ்ட்ரோக் 68. கடதாசியில பாத்தா கூடப்பிறந்ததுகள் மாதிரி. ஆனா ஒண்டு 40 குதிரை, மற்றது கொம்பனியில இருந்து வரேக்கயே கிட்டத்தட்ட 73. வித்தியாசம் எங்க இருக்கு எண்டா சிலிண்டர் சுவரில போர்ட் எண்ட ஓட்டையள் வெட்டினதிலயும், கொம்பிரஷனிலயும், எல்லாத்தையும் விட புகை போற பைப்பிலயும். அவுட்போட் வலையும் ஐசும் ஏத்தின ஃபைபர் போட்டைத் தள்ளிக்கொண்டு நாள்முழுக்க ஓடவேண்டிய சாமான், அதின்ர புகை கால் வழியா கீழ இறங்கிப்போகும், அங்க ரியூன் பண்ணின பைப் எண்டு ஒண்டும் இல்லை. அதோட கிராங் நெட்டுக்கு நிக்கிற எஞ்சினைப் படுக்கப்போட்டா காபரேற்றரும் படுக்கும், அது மிதவை வைச்ச காபரேற்றர், ஜெட்ஸ்கி கவிண்டா முழுக்கப் பெற்றோலைக் கொட்டிவிடும், ஜெட்ஸ்கிக்கு வாறது டயப்பிரம் காபரேற்றர், தலைகீழாப் பிரட்டினாலும் அதுக்குக் கவலை இல்லை. கப்ளிங், எஞ்சினை இருத்துற பெட், வோட்டர் லைன் எல்லாம் கையால செய்யவேணும். செய்யலாம், ஆனா செய்து முடிச்சாப் பிறகு கிடைக்கிறது உழவு மாட்டைக் கொண்டுபோய் வண்டில் சவாரிக்குப் பூட்டின மாதிரி ஒரு வேகம்.

ஆனா ஒண்டு சொல்லவேணும். அவுட்போட் மெக்கானிக்மாரைத் தட்டிக்கழிக்காதேங்கோ. மண்ணெண்ணெயில ஓடுற எஞ்சினோட வாழ்ந்த ஆக்கள் அவை. மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன், அதாவது அமத்தேக்க தன்ர பாட்டில வெடிக்காமத் தாங்குற தன்மை, படு குறைவு, அதால அந்த எஞ்சினுகளுக்குக் கொம்பிரஷனைக் குறைச்சுத்தான் வைச்சிருக்கும், இல்லாட்டி பிஸ்டன் சிதறும். 90களில பொருளாதாரத் தடை நேரம் பெற்றோல் இல்லாம யாழ்ப்பாணத்தில மோட்டார்சைக்கிளும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில ஓடினது எங்கட அப்பாமாருக்குத் தெரியும், ஸ்ராட் பண்ண மட்டும் ரெண்டு சொட்டுப் பெற்றோல். எரிபொருள் என்னவோ அதுக்குத் தக்கனதான் எஞ்சின் எண்ட அறிவு இந்த ஊரில புதுசில்லை, நாங்கள்தான் யூரியூப் பாத்து மறந்துபோனம்.

அந்த மறதியிலதான் நான் முதல் தடவை விழுந்தது. அமெரிக்காக்காரன் வீடியோவில சொல்லுறான், "93 பம்ப் பெற்றோலுக்கு 180 பிஎஸ்ஐ கொம்பிரஷன் தாராளமா வைக்கலாம்" எண்டு. நானும் எங்கட பெற்றோல் செட்டில 92 இருக்குத்தானே, ஒண்டுதானே குறைவு எண்டு நினைச்சன். விசர் வேலை. அவை பம்பில எழுதுறது ஏகேஐ எண்ட கணக்கு, ரெண்டு விதமான ஒக்டேன் சோதனையின்ர சராசரி. எங்கட செட்டில எழுதுறது ஆர்ஓஎன், ரெண்டில பெரிசா வாற இலக்கம். எங்கட 92ஐ அவையின்ர கணக்கில போட்டா 87, 88தான் வரும், அது அவையின்ர ஆக மலிவுப் பெற்றோல். அவையின்ர 93 எங்கட கணக்கில 97, 98. எங்கட 95கூட அதுக்குக் கிட்டப் போகாது. ஜெட்ஸ்கியில நொக்கிங், அதாவது பெற்றோல் தன்ர பாட்டில வெடிக்கிற சத்தம், காதில விழவும் மாட்டுது, தண்ணியும் பைப்பும் போடுற சத்தத்தில ஒண்டும் கேக்காது, பிளக்கைக் கழட்டிப் பாக்கேக்க வெள்ளைப் பீங்கானில சின்னச் சின்ன அலுமினியப் பொட்டு மினுங்கினாத்தான் தெரியும், அந்தப் பொட்டு பிஸ்டன்ல இருந்து வந்தது. எனக்கு அது தெரியவந்தது பிஸ்டன் ஓரம் எலி கடிச்ச மாதிரி வந்தாப் பிறகு.

அதால என்ர கணக்கு இப்ப இப்பிடி: 92 ஒக்டேனுக்கு 150 பிஎஸ்ஐ, கூடிப்போனா 155. 95 நெடுகக் கிடைக்கும் எண்டு உறுதியா இருந்தா 165, 170. அதுக்கு மேல போறதெண்டா ரேஸ் ஃபியூல் வேணும், அது பரல்ல வாற சாமான், இஞ்ச நினைச்சும் பாக்காதேங்கோ. 2022இல கியூஆர் கோட்டோட வரிசையில நிண்ட காலம் ஞாபகம் இருக்குத்தானே, நம்பர் பிளேட் இல்லாத ஜெட்ஸ்கிக்கு ஆர் தருவான்.

இந்தக் கோட்டைக் கீறிப்போட்டுப் பாத்தா மிச்ச மூண்டு எஞ்சினையும் நிறுக்கிறது லேசு.

760 எண்டா போர் 84, ஸ்ட்ரோக் அதே 68, கணக்குப் பாத்தா 754 சிசிதான் வரும், 760 எண்டது பேருக்கு. ஒரே பெட்டில இருக்கும், ஹல்லில வெட்டுக்கொத்து இல்லை. கீழ் இழுவை 701ஐ விட நல்லம், கொம்பிரஷனைக் கூட்டாமலே சக்தி கூடுறதால எங்கட பெற்றோலுக்கு இது தோதெண்டு மச்சான் நிண்டான், அதில பிழை இல்லை, நேர்மையாச் சொன்னா எஞ்சின் எண்டு மட்டும் பாத்தா அவன் சொன்னதுதான் சரி. ஆனா சாமான்? 62ரி எண்ட ரெட்டைக் காபரேற்றர் 701 எஞ்சின் 96இல இருந்து 2020 வரைக்கும் சூப்பர்ஜெட்டில வந்துகொண்டே இருந்தது, 21இலதான் அதை விட்டிட்டு ஃபோர் ஸ்ட்ரோக் வைச்சவங்கள். அதால 701க்கு ரிங், சீல், காஸ்கட் எல்லாம் இண்டைக்கும் புதுசா வரும். 760 அதுக்குக் கனகாலம் முந்தியே நிண்டுபோச்சு. ஒரு சிலிண்டருக்காக மூண்டு மாசம் மச்சான் ஃபோனை வைச்சுக்கொண்டு திரிஞ்சான், கடைசியா வந்தது எக்ஸோஸ்ட் போர்ட் பாலத்தில வெடிப்பு விட்ட சாமான், வித்தவரும் அதுக்குப் பிறகு ஃபோன் எடுக்கேல்ல.

ஸ்ட்ரோக்கரைப் பத்தி நான் கூடக் கதைக்கப்போறதில்லை. 4 மிமீ கூட ஸ்ட்ரோக் உள்ள கிராங் போட்டா 81 போரோட 742 சிசி, 84 போரோட கிட்டத்தட்ட 800. ஆசைதான். பிஸ்டன் மேல 2 மிமீ கூட ஏறும், கீழ 2 மிமீ கூட இறங்கும், அப்ப சிலிண்டருக்குக் கீழ பிளேட் வைக்கவேணும் இல்லாட்டி சிலிண்டர் மூடியான ஹெட்டை வெட்டவேணும், ரெண்டிலயும் போர்ட் ரைமிங் மாறும், கிராங் கேசை உள்ளுக்குக் குடையவேணும். இதெல்லாத்தையும் விடப் பெரிய விசயம், பெரிய கிட் கனக்க நிக்காசில் பூச்சு அடிச்ச சிலிண்டர். 701க்கும் 760க்கும் உள்ளுக்கு இரும்பு ஸ்லீவ். இரும்பு ஸ்லீவ் கீறுப்பட்டா மோட்டார்சைக்கிள் போர் அடிக்கிற லேத் பட்டறைக்குச் சைக்கிள்ல கொண்டுபோய் 0.25 கூட்டி அடிச்சுக்கொண்டு வரலாம். நிக்காசில் போனா? திரும்பப் பூசுறதுக்கு வெளிநாடு அனுப்பவேணும், கனடாவில இருந்து மாமா எப்ப வருவார், சூட்கேசில இடம் இருக்கோ எண்டு பாத்துக்கொண்டு ஒரு சோளகக் காலம் போயிடும்.

ஆக 701. ஆனா கொம்பனி 701 அப்பிடியே இல்லை. எங்க காசைப் போடுறது எண்டதிலயும் போட்டி இருக்கு. கனபேர் முதல் பெரிய காபரேற்றருக்கு ஓடுவினம், ரெட்டை 38 மிக்குனியைக் கழட்டிப்போட்டு 44, 46 எண்டு. நான் சொல்லுவன் முதல் பைப். டோமை மாத்தாமலே சக்தி கூட்டுற சாமான் அது. ரியூன் பண்ணின பைப் எண்டா புகையோட வெளிய போற அலையை அந்தத்தில அடிச்சுத் திருப்பி, போர்ட் மூடுறதுக்கு முதல் தப்பி ஓடுற புதுப் பெற்றோலைச் சிலிண்டருக்குள்ளயே திரும்பத் தள்ளிவிடுறது. அந்த அலை எவ்வளவு கெதியா ஓடும் எண்டது புகையின்ர சூட்டில இருக்கு. ஜெட்ஸ்கிப் பைப்புக்குள்ள தண்ணி தெளிக்கிறது இதுக்குத்தான், தண்ணி கூடினாப் புகை குளிரும், அலை ஆறுதலா வரும், அப்ப கீழ் ஆர்பிஎம்மில இழுவை, தண்ணியைக் குறைச்சா மேல் ஆர்பிஎம்மில வேகம். ஒரு ஸ்குரூவை அரைச் சுத்துத் திருப்பினா வேற எஞ்சின் மாதிரி இருக்கும், ஒரு ரூபா செலவில்லை. எங்கட பரவைக் கடல்ல அலையும் இல்லை ஆழமும் இல்லை, சட்டெண்டு எழும்பித் தண்ணிக்கு மேல வாறதுதான் முக்கியம், நான் தண்ணியைக் கூட்டியே வைச்சிருக்கிறன்.

ரெண்டாவது ஹெட். டோம் எண்ட உள்குழிவுத் துண்டு மாத்தக்கூடிய ஹெட் எடுத்தா 92க்கு ஒரு சோடி, 95க்கு ஒரு சோடி வைச்சிருக்கலாம், சாட்டிக் கடற்கரைக்குப் போற அண்டைக்குச் செட்டில என்ன இருக்கோ அதைப் போடு. டோம் போட்டாப் பிறகு ஸ்குவிஷ், அதாவது பிஸ்டன் மேல வரேக்க ஓரத்தில ஹெட்டுக்கும் அதுக்கும் உள்ள இடைவெளி, அளக்காம ஸ்ராட் பண்ணாதேங்கோ: ரேடியோ ஒட்டுற ஈயக் கம்பியை பிளக் ஓட்டைக்குள்ளால விட்டு, பிஸ்டன் பின் போற திசையில சிலிண்டர் சுவரைத் தொடக்கூடினதா வைச்சு, கையால ஒருக்காச் சுத்தி, நசுங்கினதை அளந்தா 1.0க்கும் 1.3 மிமீக்கும் இடையில வரவேணும். கூடிப்போனா கொம்பிரஷன் குறைவா இருந்தும் நொக் அடிக்கும், குறைஞ்சா பிஸ்டன் ஹெட்டை முத்தமிடும்.

பிஸ்டனில ஃபோர்ஜ்டா காஸ்ட்டா எண்ட சண்டையும் இருக்கு. ஃபோர்ஜ்ட் பலம், ஆனா சூட்டில கூட வீங்கும், இடைவெளி கிட்டத்தட்ட 0.10 மிமீ விடவேணும், குளிர் எஞ்சினை ஏத்தின உடன முறுக்கினா நாலு மூலையிலயும் உரசிப் பிடிக்கும். எங்கட ஆக்களுக்கு வோம்-அப் எண்டுற பொறுமை இல்லை. காஸ்ட் போடுங்கோ. ஒயில் ரிசி டபிள்யூ 3, அவுட்போட் கடையில இருக்கிறதேதான், நான் 40க்கு 1, 20 லீற்றருக்கு அரை லீற்றர். ஒயிலைக் கூட்டினா எஞ்சினுக்கு நல்லம் எண்டு சும்மா ஊத்தாதேங்கோ, ஒயில் கூடின அளவுக்குப் பெற்றோல் குறையும், காபரேற்றருக்குள்ள பெற்றோல் வாற ஓட்டையான ஜெட்டைப் பெருப்பிக்காட்டி லீன் ஆகும், அதாவது காத்துக் கூடிப் பெற்றோல் குறையும்.

லீன் எண்டதும் லீக் ரெஸ்ட் ஞாபகம் வருது. கிராங் சீலால காத்து இழுத்தா எந்த ஜெட்டும் உதவாது. இன்டேக்கையும் எக்ஸோஸ்டையும் பழைய ரியூப் றப்பரும் தகடும் வைச்சு அடைச்சு, உள்ளுக்குக் காத்து அடிச்சு 5 பிஎஸ்ஐயில நிக்குதோ எண்டு பாக்கிறது. அதுக்கெண்டு மெசின் வாங்கவேண்டாம், எங்கட அம்மம்மாவின்ர பழைய பிரஷர் பாக்கிற மெசின்ர பல்பும் மீற்றரும் காணும், 260இல நிப்பாட்டினா அது 5 பிஎஸ்ஐதான், நிமிஷத்துக்கு 50க்கு மேல இறங்கினா எங்கயோ லீக், சவர்க்காரத் தண்ணி பூசிக் கண்டுபிடியுங்கோ. அம்மம்மா இன்னும் அதைத் தேடுறா.

தண்ணியை உறிஞ்சிப் பின்னால தள்ளுற ஜெட் பம்பில நான் அமெரிக்காக்காரன் சொல்லுறதைக் கேக்கவே மாட்டன். அவை ஆழமான ஏரியில ஓடுற ஆக்கள். பண்ணைக் கடல்ல சாதாளையும் மணலும் சிப்பியும் சேர்த்து உறிஞ்சினா, உள்ளுக்குச் சுத்துற இம்பெல்லருக்கும் அதைச் சுத்தியிருக்கிற வெயார் ரிங்குக்கும் இடையில மயிரிழை இடைவெளி விட்டுச் செய்த வேலையெல்லாம் ஒரு மாசத்தில தேஞ்சுபோகும். கூலிங் தண்ணியும் அதே பம்பாலதான் வாறது, சாதாளை அடைச்சா ரெண்டும் போச்சு. கூரான பிட்ச் இம்பெல்லருக்குக் காசைக் கொட்டாம, இடுப்பளவு தண்ணி வந்தாப் பிறகு ஸ்ராட் பண்ணுங்கோ.

ஓடி முடிச்சு நல்லதண்ணி விட்டுக் கழுவுறதில அவுட்போட்டும் ஜெட்ஸ்கியும் நேர் எதிர். அவுட்போட்டை ட்ரம் தண்ணிக்குள்ள இறக்கிப்போட்டு ஸ்ராட் பண்ணுவினம். ஜெட்ஸ்கிக்கு ஹோஸ் பூட்டினா எஞ்சின் முதல், தண்ணி பிறகு, நிப்பாட்டேக்க தண்ணி முதல், எஞ்சின் பிறகு. மாறிச் செய்தா தண்ணி பைப்பால ஏறிச் சிலிண்டருக்குள்ள போகும், ஸ்ராட்டரை அமத்தினா கொன்ரொட் வளையும். உதவிக்கு வந்த ஒரு அவுட்போட் மெக்கானிக் அண்ணை பழக்கதோஷத்தில பைப்பைத் திறந்துவிட்டார், நல்லகாலம் மச்சான் கண்டு பிளக் ரெண்டையும் கழட்டிப்போட்டுச் சுத்தினான், கொட்டில் கூரை வரைக்கும் தண்ணி அடிச்சது.

இப்ப நிக்கிறது 701, 62ரி கேஸ், ரெட்டை 38, பைப், 92 டோம், மீற்றரில 152. பெரிய ஜெட்டில தொடங்கி ஒவ்வொண்டா இறக்கிக்கொண்டு வாறன், பிளக் இன்னும் கொஞ்சம் கறுப்பு. மச்சான் 760 சிலிண்டரின்ர வெடிப்புக்கு அலுமினியம் வெல்ட் அடிக்கிற ஆளை சுன்னாகத்தில கண்டுபிடிச்சிட்டன் எண்டு நேத்துச் சொன்னான்.