ஹாக்கரா, பேரிங்-கூல்டா? இரண்டு விசித்திரப் பாதிரியார்கள், இரண்டு அலமாரிகள்

பழைய ஆங்கிலப் புத்தகம் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் டிக்கன்ஸ், ஹார்டி என்று போய்விடுவார்கள். அந்தப் பக்கம் கூட்டமும் அதிகம், விலையும் அதிகம். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கிராமத்துத் தேவாலயங்களில் இருந்துகொண்டே எழுதித் தள்ளிய பாதிரியார்களை இன்று தேடுபவர்கள் குறைவு. அவர்களில் இருவரை நான் விடாமல் தேடி வாங்குகிறேன். ஒருவர் கார்ன்வாலில் மார்வென்ஸ்டோவின் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் (1803–1875). மற்றவர் டெவனில் லூ ட்ரென்சார்டின் சாபின் பேரிங்-கூல்ட் (1834–1924). புதிதாகத் தொடங்குபவர் இவர்களில் யாரை எடுத்துக்கொள்ளலாம்?

முதலில் ஆட்களைப் பார்த்துவிடலாம். பாதிரியார் மீது பிரியம் வராமல் அவருடைய புத்தகத்தைத் தேடி அலைய முடியாது.

ஹாக்கர் பத்தொன்பது வயதில் நாற்பத்தொரு வயதுப் பெண்ணை மணந்தவர். அந்த அம்மா இறந்தபின், அறுபதைத் தாண்டிய வயதில், இருபது வயதுப் பெண்ணை மணந்தார். ஊதா கலந்த சிவப்பு அங்கி, மீனவர் போடும் நீலப் பின்னலாடை, முழங்கால் உயரக் கடல் பூட்ஸ், இவைதான் அவர் உடை. தன் வீட்டுப் புகைபோக்கிகளைத் தன் வாழ்க்கையோடு தொடர்புடைய தேவாலயக் கோபுரங்களைப் போலவே கட்டிக்கொண்டார். கப்பல் உடைந்து கரை ஒதுங்கும் மாலுமிகளின் உடல்களை அந்தக் காலத்தில் கடற்கரையிலேயே புதைத்துவிடுவது வழக்கம். ஹாக்கர் பாறை இடுக்குகளில் தானே இறங்கித் தேடி, நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைத் தேவாலய மண்ணில் முறைப்படி அடக்கம் செய்தார். 1842-ல் உடைந்த 'கலிடோனியா' கப்பலின் முகப்புச் சிலையை அந்த மாலுமிகளின் கல்லறை அடையாளமாக நட்டுவைத்தார். கரை ஒதுங்கிய மரத்தில் மலைச்சரிவில் ஒரு குடிசை கட்டி, அதில் உட்கார்ந்து கவிதை எழுதினார். அந்தக் குடிசை இன்றும் இருக்கிறது. நேஷனல் ட்ரஸ்ட் பராமரிக்கும் சொத்துகளிலேயே சிறியது அதுதான்.

பேரிங்-கூல்ட் வேறு மாதிரி. பாதிரியாரும் அவரே, ஊர்ப் பண்ணையாரும் அவரே. 1868-ல் ஆலைத் தொழிலாளியான கிரேஸ் டெய்லரை மணந்து பதினைந்து பிள்ளைகள் பெற்றார். இளம் ஆசிரியராக இருந்தபோது தோளில் வளர்ப்பு வௌவாலுடன் வகுப்புக்குப் போவார் என்பார்கள். 'ஆன்வர்ட், கிறிஸ்டியன் சோல்ஜர்ஸ்' என்ற பாடல் இவர் எழுதியது. உலகமே அதைப் பாடுகிறது, எழுதியவர் பெயரைத்தான் மறந்துவிட்டது.

சரி, புத்தகங்களுக்கு வருவோம். அலமாரிக் கணக்கில் இருவரும் இரண்டு துருவம். ஹாக்கரின் முக்கியமான நூல்கள் ஒரு கை நீள அலமாரியில் அடங்கிவிடும். 'ரூபன்' என்ற புனைபெயரில் மாணவப் பருவத்திலேயே வந்த 'டெண்ட்ரில்ஸ்' (1821), 'எக்கோஸ் ஃப்ரம் ஓல்ட் கார்ன்வால்' (1846), 'தி க்வெஸ்ட் ஆஃப் தி சாங்க்ரால்' (1864), 'கார்னிஷ் பாலட்ஸ்' (1869), 'ஃபுட்பிரின்ட்ஸ் ஆஃப் ஃபார்மர் மென் இன் ஃபார் கார்ன்வால்' (1870), இவற்றோடு இன்னும் சில மெல்லிய தொகுப்புகள். சாங்க்ரால் கவிதை எக்ஸெட்டரில் அச்சானது. 'முதல் பாடல்' என்று போட்டு வந்தது. இரண்டாவது பாடல் வரவே இல்லை.

பேரிங்-கூல்டுக்குக் கட்டுரைகளையும் சேர்த்தால் ஆயிரத்துக்கு மேல் போகும். புனிதர் வரலாறு மட்டுமே 1897–98 பதிப்பில் பதினாறு பாகம். நாவல்கள், ஓநாய்மனிதர் பற்றிய ஆய்வு, ஐஸ்லாந்துப் பயணம், டார்ட்மூர் வழிகாட்டி, நாட்டுப்பாடல் தொகுப்பு என்று நீண்டுகொண்டே போகிறது. இதை முழுதாகச் சேர்த்துவிடலாம் என்று யாரும் இறங்க வேண்டாம். வீட்டில் இடம் இருக்காது, ஆயுளும் போதாது.

அப்படியானால் ஹாக்கர்தானே சுலபம் என்று தோன்றும். நானும் அப்படி நினைத்துத்தான் தொடங்கினேன். ஆனால் அவருடைய ஆரம்பகால நூல்கள் குறைவாக அச்சிடப்பட்ட மெல்லிய புத்தகங்கள், எளிதில் கிழிந்து காணாமல் போகும் வகை. அதோடு பெயர் சிக்கலும் உண்டு. 'தி சாங் ஆஃப் தி வெஸ்டர்ன் மென்' என்ற அவருடைய மிகப் பிரபலமான பாட்டு 1826-ல் ஒரு பிளிமத் செய்தித்தாளில் பெயரில்லாமல் வந்தது. கார்ன்வால் அறிஞர் டேவிஸ் கில்பர்ட் அதைப் பழைய நாட்டுப்பாடல் என்று நம்பித் தன் சொந்த அச்சகத்தில் மறுபடி அச்சிட்டார். நாவலாசிரியர் ஸ்காட்டும் வரலாற்றாசிரியர் மெக்காலேயும் அப்படியே நம்பினார்கள். டிக்கன்ஸின் பத்திரிகையும் அதைப் பழம்பாடலாகவே வெளியிட்டது. ஆகவே ஹாக்கரின் முதல் அச்சைத் தேடுவது என்பது அவர் பெயரே இல்லாத தாள்களைத் தேடுவது. இந்தத் தேடல் எனக்குப் பிடிக்கும். புதியவருக்கு இது பெரிய சோதனை.

பேரிங்-கூல்டிடமும் இந்தத் தொல்லை கொஞ்சம் உண்டு. 1880-ல் இரண்டு பாகமாக வந்த 'மெஹாலா'வில் அவர் பெயர் இல்லை. 1883-ன் 'ஜான் ஹெரிங்' மூன்று பாகத்திலும் 'மெஹாலாவின் ஆசிரியர்' என்றுதான் இருக்கும். இந்தப் பல பாக நாவல்களை அந்த நாளில் வாங்கியவை பெரும்பாலும் மூடீஸ் போன்ற வாடகை நூலகங்கள். பல கை மாறியவை என்பதால் முதுகு தளர்ந்து, அட்டையில் லேபிளைப் பிய்த்த தழும்போடு கிடைக்கும். அப்படிப்பட்ட பிரதியை நான் ஒதுக்க மாட்டேன், அந்தத் தழும்பும் புத்தகத்தின் வரலாறுதான். ஆனால் பாகங்களை மட்டும் எண்ணிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். 'முழுத் தொகுப்பு' என்ற விவரத்தை நம்பி ஒருமுறை வாங்கினேன். வந்த மூன்றில் இரண்டு ஒரே பாகம்.

1890-கள் முதல் வந்த மெத்துவன் பதிப்பகத்தின் பதிப்புகள் தொடங்குபவருக்கு ஏற்றவை. கடைசியில் பதிப்பகத்தின் விலைப்பட்டியல் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும், பெரும்பாலும் தேதியோடு. தலைப்புப் பக்கத்து ஆண்டுக்குப் பல ஆண்டு பிந்திய பட்டியல் இருந்தால், அந்தப் பிரதி பிற்பாடு கட்டி விற்றது என்று தெரிந்துகொள்ளலாம். நம் ஊரில் தேடுபவருக்கு இன்னொரு வழியும் உண்டு. இந்தியாவிலும் பிற காலனிகளிலும் விற்பதற்கென்றே மெத்துவன் 'காலனியல் லைப்ரரி' என்ற வரிசை நடத்தியது, அதில் பேரிங்-கூல்டின் நாவல்களும் வந்தன. பணக்காரச் சேகரிப்பாளர்கள் இவற்றை மதிப்பதில்லை. நான் மதிக்கிறேன். கப்பலேறி நம் பக்கம் வந்து, இங்கே யாரோ படித்த பிரதிகள் அவை.

விலையைச் சுருக்கமாகச் சொன்னால், பேரிங்-கூல்டின் பெரும்பாலான நூல்கள் சாமானியர் கைக்கு எட்டும். 1865-ன் ஓநாய்மனிதர் நூலின் முதல் பதிப்பு விதிவிலக்கு. திகில் நூல் சேர்ப்பவர்களும் அதற்குப் போட்டியிடுகிறார்கள். ஹாக்கரில் 1870-க்கு முன்பு வந்தவை பொறுமை, பணம் இரண்டையும் கேட்கும். அவருடைய மருமகன் சி. ஈ. பைல்ஸ் பதிப்பித்து 1903, 1904-ல் ஜான் லேன் வெளியிட்ட நூல்கள் அழகானவை, கிடைக்கக்கூடியவை. இருவர் பெயரையும் இணையத்தில் தேடினால் முதலில் வருவது ஸ்கேனிலிருந்து அச்சிட்ட மலிவுப் பிரதிகள்தான். படிக்க மட்டும் வேண்டுமென்றால் அதற்கும் செலவு வேண்டாம், இன்டர்நெட் ஆர்க்கைவில் பெரும்பாலானவை இலவசம்.

படிக்கும் சுகத்தில் ஹாக்கரின் உரைநடைக்கே என் ஓட்டு. 'ஃபுட்பிரின்ட்ஸ்' உப்புக்காற்று வீசும் புத்தகம். பேரிங்-கூல்ட் அவசரக்காரர், பத்துப் பக்கம் பிரமாதமாக எழுதிவிட்டு அடுத்த பத்தில் கோட்டைவிடுவார். ஆனால் 'மெஹாலா'வின் எஸ்ஸெக்ஸ் சதுப்பு நிலத்தை ஒருமுறை படித்தவருக்கு அது மறக்காது. அங்கே கிழக்கு மெர்சியில் பத்து ஆண்டு பாதிரியாராக இருந்து பார்த்து எழுதியது அது.

தொடங்குபவருக்கு என் பதில் பேரிங்-கூல்ட்தான். ஆனால் முதலில் வாங்க வேண்டியது அவருடைய நாவல் எதுவும் இல்லை, 1876-ல் அவர் எழுதிய 'தி விகார் ஆஃப் மார்வென்ஸ்டோ'. ஹாக்கர் இறந்து சில மாதத்திலேயே வந்த அவருடைய வாழ்க்கை வரலாறு அது. இளம் ஹாக்கர் பியூட் கடற்கரைப் பாறையில் கடற்கன்னி வேஷம் போட்டு உட்கார்ந்து பாடிய கதை ஊரெங்கும் பரவியது இதன் வழியாகத்தான். பிழைகள் மலிந்தது என்று அப்போதே கண்டனம் எழுந்தது, அதே ஆண்டில் திருத்திய பதிப்பும் வந்தது. முதல் பதிப்பையும் திருத்தியதையும் அருகருகே வைத்து, எது போனது, எது மாறியது என்று பாருங்கள். அப்புறம் அதே 1876-ல் எஃப். ஜி. லீ எழுதிய ஹாக்கர் நினைவுநூல், அதற்குப் பிறகு 1905-ல் பைல்ஸ் கடிதங்களோடு எழுதிய வரலாறு. இந்த நான்கும் சேர்ந்தபோது என் ஹாக்கர் வரிசையும் பேரிங்-கூல்ட் வரிசையும் ஒரே தட்டில் வந்து முட்டிக்கொண்டன. இப்போது அந்தத் தட்டுக்கு 1864-ன் சாங்க்ராலைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.