அக்கவுண்ட்டைக் கடையில் திறக்க விடாதீர்கள்: அம்மாவின் பெயரில் 145,000 ரூபா போய்விட்டது

போன வியாழக்கிழமை என் அம்மாவின் பெயரைச் சொல்லி அம்மாவின் மூன்று சிநேகிதிகளிடம் 145,000 ரூபா வாங்கிவிட்டார்கள். இன்று திங்கள். நான்கு நாளாகக் கடை, வங்கி, பொலிஸ் என்று அலைந்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். பென்சன் எடுத்த அம்மா அப்பாவுக்குப் போன் வாங்கிக் கொடுத்து சமூக வலைத்தளம் பழக்க நினைக்கிறவர்கள் தயவு செய்து முழுவதும் படியுங்கள். என்னென்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் விபரமாக எழுதுகிறேன்.

கடையின் பெயரை இங்கே போடவில்லை. திருகோணமலை நகரத்துக்குள், போனும் சிம்மும் விற்று, ரீலோட் போட்டு, போனுக்குக் கண்ணாடி ஒட்டித் தருகிற ஒரு கடை. அந்த மாதிரிக் கடை எல்லா ஊரிலும் இருக்கிறது.

அம்மா 34 வருடம் ஆரம்பப் பிரிவில் படிப்பித்தவர். அப்பா போன பிறகு உப்புவெளி வீட்டில் தனியாக இருக்கிறார். நான் கொழும்பில், தங்கச்சி கனடாவில். பொங்கலுக்கு வந்து நின்றபோது பேரப்பிள்ளையைப் படத்திலாவது தினமும் பார்க்கட்டும் என்று ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுக்கக் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கே இரவு ரயிலில் நான் கொழும்புக்குத் திரும்ப வேண்டும். கடையில் நிற்கும்போது ரயிலுக்கு இரண்டு மணித்தியாலம்கூட இல்லை.

கடையில் நின்ற பொடியன் அம்மாவைப் பார்த்ததும் எழும்பி நின்றான். "ரீச்சர், எங்கட அக்காவுக்கு நீங்கதான் ரெண்டாம் வகுப்பு" என்றான். அம்மா அக்காவின் பெயரைக் கேட்டார். அவன் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "இடக்கையால எழுதுற பிள்ளை. சன்னல் பக்கம் இருப்பா" என்றார். சரியென்று அவன் தலையை ஆட்டினான். கதிரை போட்டான், தண்ணீர் கொடுத்தான். அதற்குப் பிறகு அந்தக் கடையில் நாங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றியது. அந்த இடத்தில்தான் நாங்கள் விழுந்தோம்.

மின்னஞ்சல் ஒன்று, சமூக வலைத்தளக் கணக்கு ஒன்று. இரண்டையும் அவனே திறந்தான். "ரீச்சர், உங்கட சிம் வேலை செய்ய கொஞ்ச நேரம் எடுக்கும். இப்போதைக்கு என்ட நம்பரைப் போடுறன், கோட் வந்தா நான் பார்த்து அடிக்கிறன். பிறகு மாத்தலாம்" என்றான். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "சரி தம்பி" என்று சொன்னது நான்தான். கடவுச்சொல்லைப் போன் பெட்டியின் மூடியில் நீலப் பேனையால் எழுதித் தந்தான். அம்மாவின் பெயர், அதற்குப் பிறகு 1234. செட்டிங் காசு என்று 1,500 ரூபா தனியாக வாங்கினார்கள். பில்லில் போனின் விலை மட்டும்தான் இருக்கிறது, இந்த 1,500 இல்லை. அது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

பிறகு மாற்றலாம் என்றானே, அதை யாரும் மாற்றவில்லை. அவனும் மாற்றவில்லை, நானும் மாற்றவில்லை.

இந்த ஏழு மாதமும் அம்மா எவ்வளவு சந்தோஷமாக இருந்தார் என்று சொல்ல வேண்டும். மட்டக்களப்பு ஆசிரியர் கலாசாலையில் ஒன்றாகப் படித்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிக் கண்டுபிடித்தார். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், கோட்டை வாசலில் நிற்கும் புள்ளிமான் ஒன்றைப் படம் எடுத்துப் போட்டார். அதற்கு 112 பேர் விருப்பம் போட்டதை எனக்கு இரவு பத்து மணிக்குப் போன் எடுத்துச் சொன்னார். அந்த மான் படம்தான் அவருடைய முகப்புப் படமும். டச்பே கடற்கரையில் பின்னேரம் நடக்கப் போனால் அங்கேயிருந்து ஒரு படம், பத்திரகாளி அம்மன் கோயில் கோலத்துக்கு ஒரு படம். அப்பா போனதற்குப் பிறகு அம்மாவின் குரலில் அந்த உற்சாகத்தை நான் கேட்டது இந்த ஏழு மாதத்தில்தான்.

வியாழன் மத்தியானம் அம்மா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாராம். மூதூரிலிருந்து அவருடைய சிநேகிதி, அவரும் பென்சன் எடுத்த ரீச்சர், போன் எடுத்து "காசு கிடைச்சா புள்ள?" என்று கேட்டிருக்கிறார். என்ன காசு என்று அம்மா கேட்க, அந்தப் பக்கம் சத்தமே இல்லையாம்.

அனுப்பிய செய்திகளை நான் பார்த்தேன். மூதூர் ரீச்சர் கிண்ணியாப் பாலம் தாண்டி பஸ்ஸில் வந்து தன் போனை என் கையில் தந்தார். முதல் வரி "சுகமா?" அம்மா எப்போதும் அப்படித்தான் தொடங்குவார். அடுத்த வரி, "அவருக்குப் பிரஷர் இப்ப எப்படி? மருந்து மாத்தினவையோ?" அந்த ரீச்சரின் கணவருக்குப் பிரஷர் என்பது அம்மாவுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த கதை. போன மாதம் இருவரும் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எங்கேயோ இருக்கிற ஒருவன் அம்மாவின் பழைய செய்திகளை எல்லாம் ஒவ்வொன்றாக மேலே தள்ளித் தள்ளிப் படித்து, அம்மா எப்படிக் கதைப்பார், யாரிடம் என்ன விசாரிப்பார் என்று பாடமாக்கியிருக்கிறான். அதற்குப் பிறகுதான் காசு கேட்டிருக்கிறான். "வங்கி அட்டை வேலை செய்யேல்ல, ஒரு அவசரம், 45,000 போடுங்கோ, நாளைக்கு மகன் அனுப்பினதும் தாறன். இப்ப போன் எடுக்காதைங்கோ, ஆஸ்பத்திரிக்குள்ள நிக்கிறன்." வாசித்தபோது என் கை நடுங்கியது. நானாக இருந்தாலும் அனுப்பியிருப்பேன்.

மூதூர் ரீச்சர் 45,000. மட்டக்களப்பில் ஒருவர் 60,000. இங்கே நகரத்தில் இருக்கும் ஒருவர் 40,000. எல்லாம் சேர்த்து 145,000 ரூபா. மூன்று பேரும் ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்கள்.

கணக்கைத் திறக்கப் பார்த்தோம். பெட்டி மூடியில் இருந்த கடவுச்சொல் வேலை செய்யவில்லை. "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்பதை அழுத்தினால், ஒரு நம்பருக்குக் கோட் அனுப்பியிருக்கிறோம் என்று வருகிறது. கடைசி இரண்டு இலக்கம் தெரிகிறது. அது அம்மாவின் நம்பர் இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. யாருடைய நம்பர் கணக்கில் இருக்கிறதோ அவருக்குத்தான் கணக்கு. ஏழு மாதமும் அம்மா இன்னொருவரின் வீட்டில் குடியிருந்திருக்கிறார், சாவி வெளியே இருந்திருக்கிறது.

அந்தப் பொடியன்தான் செய்தான் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. அவன் அந்த சிம்மைப் பாவிக்காமல் விட்டிருக்கலாம். பாவிக்காமல் விட்ட நம்பரைக் கம்பனிகள் திரும்ப வேறு ஆளுக்கு விற்பது வழக்கம், அது எவன் கையில் போயிற்றோ. ஆனால் அந்த நம்பரைப் போட்டது அந்தக் கடை. அதற்குக் காசு வாங்கியதும் அந்தக் கடை.

வெள்ளிக்கிழமை காலை கடைக்குப் போனேன். முதலாளி ஒரு போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார். நான் கதைக்கக் கதைக்க அட்டைத் துண்டால் காற்றுக் குமிழியைத் தள்ளிக்கொண்டே இருந்தார், தலையை நிமிர்த்தவில்லை. "அந்தத் தம்பி இப்ப இங்க இல்ல, கட்டாருக்குப் போயிட்டார்." சரி, அவருடைய நம்பரைத் தாருங்கள் என்றேன். "எங்களிட்ட இல்ல." பின்னேரம் திரும்பப் போனேன். "போனுக்கு வாரண்டி இருக்கு, அது மட்டும்தான் எங்கட பொறுப்பு. அக்கவுண்ட் எல்லாம் உதவிக்குச் செய்து குடுக்கிறது." 1,500 ரூபா வாங்கினீர்களே என்றேன். "பில் இருக்கோ?" சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அதுதான் நான் செய்த பிழை. "அம்மா, நீங்க ஆருக்கோ ஓடிபி சொல்லியிருப்பீங்க, வயசு போன ஆக்கள் அப்பிடித்தான்" என்று நாலு பேர் முன்னால் சொன்னார். அம்மாவிடம் ஓடிபி, அதுதான் அந்தக் கோட், வரவே இல்லை ஐயா, அது வருகிற நம்பரே உங்கள் கடையில்தானே இருந்தது! சொன்னேன். சிரித்தார்.

வலைத்தளத்துக்கு அறிவித்தோம். அம்மாவின் அடையாள அட்டைப் படம் அனுப்பினோம். கதைக்க ஒரு மனிதன் கிடையாது. முறைப்பாட்டைப் பார்த்தோம், விதிமீறல் எதுவும் இல்லை என்று தானாக ஒரு பதில் வந்தது. வங்கியில் காசு போன கணக்கின் விபரத்தைத் தர முடியாது, அனுப்பியவர்கள் தங்கள் தங்கள் வங்கியில் முறையிட வேண்டும் என்றார்கள். அது சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் வங்கிக்கு வங்கி காசு சில நொடியில் போய்விடுகிறது, திருப்பி எடுக்கக் கேட்டால் நாட்கணக்கில் ஆகிறது. பொலிஸில் முறைப்பாட்டை எழுதிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுச் சட்டத்தரணி, 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி அடுத்தவர் கணக்குக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம் என்றார். குற்றம்தான். 145,000 ரூபா எங்கே?

மூன்று பேருக்கும் அம்மா காசைக் கொடுக்கப் போகிறார். வேண்டாம் என்று மூதூர் ரீச்சர் அழுதுவிட்டார். அம்மா கேட்கவில்லை. "என்ட பேரைப் பார்த்துத்தானே தந்தவை" என்று சொல்லி இரண்டு காப்பை அடகு வைத்துவிட்டார். நான் தருகிறேன் என்றதற்கும் சம்மதிக்கவில்லை. போனை அணைத்து அலுமாரிக்குள், சேலைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறார். தங்கச்சி எடுத்தாலும் என் போனில் ஒரு நிமிடம் கதைத்துவிட்டுத் தந்துவிடுகிறார்.

வயது போன காலத்தில் ஏன் இதெல்லாம் என்று இரண்டு சொந்தக்காரர் என் காதில் போட்டுவிட்டார்கள். எனக்கு அதில் வந்த கோபம் கடைக்காரரிடம் வந்ததைவிட அதிகம். பிள்ளைகள் எல்லாரும் வெளியே போய்விட்ட வீடுகளில் இவர்கள் வேறு யாரோடு கதைப்பது? அம்மா ஒரு பிழையும் செய்யவில்லை. பிழை செய்தது அவசரப்பட்ட நானும் அந்தக் கடையும்.

விபரமாக எழுதுகிறேன் என்றேன். இப்போது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது, நாளைக்கு மட்டக்களப்புக்குப் போக வேண்டும். ஆகவே முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். இன்றைக்கே உங்கள் அம்மா அப்பாவின் போனை எடுத்து, கணக்கின் அமைப்புக்குள் போய் எந்த நம்பர், எந்த மின்னஞ்சல் இருக்கிறது என்று பாருங்கள். மின்னஞ்சலுக்குள்ளும் பாருங்கள், அதிலும் மீட்பு நம்பர் என்று ஒன்று இருக்கும். தெரியாத நம்பர் இருந்தால் அழியுங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள், கடவுச்சொல்லோடு ஒரு கோட்டும் கேட்கிற இரண்டு கட்டப் பாதுகாப்பைப் போடுங்கள், வேறு போன்களில் கணக்கு திறந்திருந்தால் எல்லாவற்றிலிருந்தும் வெளியேற்றுங்கள். சிம் வேலை செய்யும்வரை கணக்கே திறக்க வேண்டாம், பேரப்பிள்ளை இரண்டு நாள் பொறுக்கும். செய்தியில் யார் காசு கேட்டாலும், போன் எடுக்காதே என்று சொன்னாலும், எடுத்துக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். காசு போய்விட்டால் முதலில் உங்கள் வங்கிக்கு, அதே மணித்தியாலத்தில். கணக்குப் பறிபோனதற்கு, கணினி, இணையப் பிரச்சினைகளைப் பார்க்கிற இலங்கை சேர்ட் என்ற அமைப்பின் 101 நம்பருக்கு எடுங்கள். வங்கி சரியாகப் பதில் சொல்லாவிட்டால் மத்திய வங்கியின் 1935 நம்பருக்கு. இவ்வளவுதான் இப்போது ஞாபகம் வருகிறது.

அந்தக் கணக்கு இன்னும் மூடப்படவில்லை. கோட்டை வாசல் மான் படத்தோடு இருக்கிறது. இன்று காலை ஆறரைக்கு அதிலிருந்து கலாசாலைச் சிநேகிதிகள் எல்லாருக்கும் "சுகமா?" என்று வந்திருக்கிறது. உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கோ அப்படி வந்தால் பதில் போடாதீர்கள், முறைப்பாட்டுப் பொத்தானை அழுத்துங்கள்.