மணத்தக்காளி, மிளகுதக்காளி, சுக்குட்டி: விதைப் பொட்டலத்தில் எந்தப் பெயரை எழுதுவது?

கொல்லையில் எடுத்த விதையை உறவினர்களுக்குக் கொடுக்கப் பொட்டலம் கட்டியபோது, மேலே எந்தப் பெயரை எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தேன். கோவைப் பக்கம் சுக்குட்டி, நெல்லைப் பக்கம் மிளகுதக்காளி, மற்ற ஊர்களில் பெரும்பாலும் மணத்தக்காளி. வாய்ப்புண்ணுக்குக் கீரையும் குழம்புக்கு வற்றலும் தரும் செடி ஒன்றுதான்.

சுக்குட்டி என்பது கொங்கு நாட்டைத் தாண்டினால் பலருக்கும் விளங்காது. மிளகுதக்காளி, காயின் அளவை அப்படியே சொல்லும் அழகான பெயர். ஆனால் சென்ற ஆண்டு அதை மட்டும் எழுதிக் கொடுத்த பொட்டலத்தை, சென்னையிலுள்ள என் சித்தி மகள் சின்னத் தக்காளி ரகம் என்றே எண்ணி, கோல் நட்டுக் கட்டி, பழம் சிவக்கக் காத்திருந்து, கறுத்ததும் நோய் என்று பிடுங்கி எறிந்துவிட்டாள்.

ஆங்கிலப் பெயரான பிளாக் நைட்ஷேட்டை நான் அறவே தவிர்க்கிறேன். டெட்லி நைட்ஷேட் எனப்படும் பெல்லடோனா, அட்ரோபின் என்ற நஞ்சைக் கொண்ட, ஐரோப்பாவைச் சேர்ந்த வேறொரு செடி. அதன் பூ மணி வடிவில் மங்கிய ஊதா நிறத்தில் இருக்கும்; பழம் தனித்தனியாகக் காய்க்கும். நம் செடியிலோ மஞ்சள் மகரந்தப்பைகள் கொண்ட சிறு வெள்ளைப் பூக்களும், கொத்தாகத் தொங்கும் காய்களும் உண்டு. உண்ணும் பொருளில் பெயர் மயக்கம் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், மற்ற எல்லாவற்றையும்விட இதையே நான் முதன்மையாகக் கருதினேன்.

அறிவியல் பெயர் துல்லியமானது என்பார்கள். 1753-இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த சொலானம் நைக்ரம் என்பதில் 'நைக்ரம்' கறுப்பைக் குறிக்கும். செம்மஞ்சள் பழம் தருவது சொலானம் வில்லோசம் என்ற வேறு இனம். பளபளக்கும் சிறு கரும்பழம் தரும் சொலானம் அமெரிக்கானமும் இதே பெயரில் கைமாறுகிறது. செம்பழச் செடியை ஒரே பருவம்தான் வளர்த்திருக்கிறேன் என்பதால், சுவையில் எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஆகவே காய்கறிச் சந்தையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் ஒருங்கே செல்லும் மணத்தக்காளியையே பெரிய எழுத்தில் எழுதி, மற்ற இரு பெயர்களையும் அருகில் சேர்த்து, கீழே இரண்டு வரி குறித்தேன்: "பழம் கறுப்பு. நன்கு பழுத்ததை மட்டுமே பறித்தபடி உண்ணவும். பச்சைக்காயில் சொலனைன் என்ற நஞ்சு இருப்பதால் குழந்தைகளை அதை மென்று தின்ன விட வேண்டாம்."